காருக்கு அடியில் ஒரு பிளம்பர்

தண்டர் பே ஊரில் பாதி வீடுகளின் நிலவறை ஆர்வோ நிஸ்கானனுக்குச் சொந்தச் சமையலறை மாதிரி. எந்த வீட்டில் குழாய் எங்கே வளைந்து போகிறது, எந்த வீட்டுக் கொதிகலன் குளிர் ஆரம்பித்ததும் முனகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிளம்பர் வேலையிலேயே தலை நரைத்தவர். ஒழுகல் கண்டுபிடிப்பதில் அவருக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரின்மேல் அவருக்கே கொஞ்சம் காதலும் உண்டு.

புதிதாகக் கூப்பிடுகிறவர்களிடம் வேலையைத் தொடங்குமுன் ஒரு பிரசங்கம் செய்வார். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது, முதலில் துடைக்க வேண்டும், காய்ந்த காகிதத்தை விரிக்க வேண்டும், பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தண்ணீரே வந்து சொல்லும் என்பார். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். அவர் மனைவி டோரீன் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், அவர் வாயைத் திறந்ததுமே மீதியைத் தானே சொல்லி முடித்துவிடுவாள். டோரீனுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை. முதுகுக்குப் பின்னால் நடப்பதைத் திரும்பாமலே கண்டுபிடிக்கிற பழக்கம் அந்த வேலையில் வந்தது.

அந்த ஜூன் மாதம் வீட்டுக் கார் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. சில்வியோவின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனார்கள். சில்வியோவும் ஆர்வோவும் குளிர்காலம் முழுக்க ஒரே கர்லிங் அணியில் பனிக்கட்டிமேல் கல் தள்ளுகிறவர்கள். ஒருவரை ஒருவர் மட்டம் தட்டாமல் ஒரு ஆட்டமும் முடிந்ததில்லை. சில்வியோ என்ஜின் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். என்ஜினைச் சூடாகாமல் வைத்திருக்கும் கூலன்ட்டைச் சுற்றவிடுகிற பம்ப் போய்விட்டது, வியாழக்கிழமை விட்டுவிட்டுப் போ, மாற்றித் தருகிறேன் என்றார்.

ஆர்வோவுக்குச் சிரிப்பு வந்தது. "பம்ப்னா பம்ப்தானடா. இந்த ஊர்ல நான் மாத்தாத பம்பா?"

"வீட்டு பம்ப் மணிக்கு நூறு கிலோமீட்டர் ஓடாது, ஆர்வோ" என்றார் சில்வியோ.

அந்த ஒரு வாக்கியம் போதும். ஆர்வோ உதிரிக் கடைக்குப் போய்ப் புது பம்பும், இடுக்கில் கசியாமல் அடைக்கிற பேக்கிங்கும், ஒரு பெரிய டப்பா கூலன்ட்டும் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார்.

சனிக்கிழமை முழுக்கக் கார் ஷெட்டில் வேலை நடந்தது. பழைய கூலன்ட்டை வடிக்கும்போது மட்டும் ஒரு சின்னச் சறுக்கல். பாத்திரத்தை அவர் வைத்தது ஓரிடம், ஆரஞ்சு நிறத் திரவம் கொட்டியது இன்னோரிடம். பாதி பாத்திரத்திலும் மீதி காரின் வயிற்றிலும் அவர் சட்டைக்கைக்குள்ளும் போயிற்று. தரையைத் துடைத்தார், சட்டையை மாற்றினார், அதோடு அதை மறந்தார். மற்றபடி எல்லாம் வழவழவென்று நடந்தது. பழைய பம்ப் கழன்றது, புதியது உட்கார்ந்தது, போல்ட்டுகள் எல்லாம் வந்த இடத்துக்கே திரும்பிப் போயின. என்ஜினைக் கிளப்பியபோது கீச்சென்ற சத்தம் இல்லை. ஆர்வோ டோரீனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அவள் எதைக் கேட்பது என்றாள். ஒன்றும் கேட்கவில்லை அல்லவா, அதைத்தான் கேட்கச் சொல்கிறேன் என்றார். வேலி ஓரம் நாயோடு போன பக்கத்து வீட்டுக்காரரையும் நிறுத்தி அந்த நிசப்தத்தைக் கேட்க வைத்தார்.

ஞாயிறு காலை காருக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஆரஞ்சுக் குட்டை.

ஆர்வோ அதை முதலில் நம்பவில்லை. நேற்றுத் துடைக்க விட்டுப்போனதாக இருக்கும் என்று அதன்மேல் ஒரு அட்டையைப் போட்டு மூடினார். வாடிக்கையாளர் யாராவது ஒழுகலை அட்டை போட்டு மூடியிருந்தால் அவர் வீடு வீடாகச் சொல்லிச் சிரித்திருப்பார். மத்தியானம் அட்டை நனைந்து, குட்டை அதற்கு வெளியே எட்டிப் பார்த்தது.

அதன்பிறகு அவர் செய்ததைச் சொல்ல அவருக்கே பின்னாளில் கூச்சமாக இருந்தது. துடைக்கவில்லை. காகிதம் விரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. பேக்கிங் சரியாக உட்காரவில்லை என்று நின்ற இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டு, முந்தின நாள் அத்தனை அழகாகப் பூட்டிய பம்பை முழுக்கக் கழற்றினார். கழற்றும்போது மறுபடியும் கொட்டியது. பேக்கிங்மேல் பசையைத் தடவித் தடவி, பிறந்தநாள் கேக்குக்குக் கிரீம் பூசியதுபோல் ஆக்கிப் பூட்டினார். திங்கள் காலை குட்டை இன்னும் பெரிதாக இருந்தது. அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் கூலன்ட் போகிற ரப்பர் ஹோஸ்களின் கிளிப்புகளை எல்லாம் இறுக்கினார். செவ்வாயன்றும் அது நிற்கவில்லை. மறுபடி பம்பைக் கழற்றினார், மறுபடி கொட்டியது, மறுபடி பசையைப் பூசிப் பூட்டினார்.

புதன்கிழமை காலையில் ஊர்க்கோடியில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனார். அந்த வீட்டுக்காரர் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒழுகுகிறது என்று தானே குழாய் இணைப்பை இறுக்கி இறுக்கி, இணைப்பையே உடைத்து வைத்திருந்தார். ஆர்வோ கீழே குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து, நிறுத்தி நிதானமாகத் தன் பிரசங்கத்தைச் செய்தார். கையில் வலு இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் முறுக்கக்கூடாது என்று புதிதாக ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்காரர் தலைகுனிந்து நின்றார். திரும்பி வரும் வழியில் ஆர்வோவுக்கு நல்ல திருப்தி.

வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட உட்காராமல் காருக்கு அடியில் படுத்தார். ரேடியேட்டரின் அடியில் கூலன்ட் வடிக்கிற சின்னப் பிளாஸ்டிக் திருகு ஒன்று உண்டு. அதில் ஈரம் மாதிரி தெரிந்தது. கையால் இறுக்கினார். பிறகு குறடால் இறுக்கினார். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இரும்பு சூடு ஆறினால் சத்தம் போடும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திருகு பிளாஸ்டிக் என்பதும், கார் நாலு நாளாக ஓடவே இல்லை என்பதும் அவருக்குத் தெரியாததல்ல.

வியாழக்கிழமை காலை அது சொட்டவில்லை, ஓடியது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவர்கள் ஐந்தாறு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் கெனோராவுக்குக் கிளம்ப வேண்டும். மகள் கிர்ஸ்டி அங்கே ஏரியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்ல ஒரு பழைய படகை வாங்கி, குளிர்காலம் பூராவும் சுரண்டி வண்ணம் அடித்துச் சரிசெய்து வைத்திருந்தாள். சனிக்கிழமை முதல் ஓட்டம். அப்பாவும் அம்மாவும்தான் முதல் பயணிகளாக ஏற வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஆர்வோ தன் வேலை வேனில் போய்விடலாமே என்று மெல்ல ஆரம்பித்தார். ஊராருடைய சாக்கடை நாற்றத்தில் கெனோரா வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வர முடியாது என்றாள் டோரீன். சில்வியோவிடம் காட்டினால் என்ன என்றும் கேட்டாள். அவர் கார் ஷெட்டுக்குள் போனார். அவர் நடந்துபோன விதம், பேருந்தில் கடைசி இருக்கையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரும் பையன்களை அவளுக்கு நினைவூட்டியது.

பள்ளி விடுமுறை தொடங்கியிருந்ததால் டோரீன் அன்று வீட்டிலேயே இருந்தாள். மத்தியானம்வரை சமையலறை ஜன்னல் வழியே அவர் கால்களைப் பார்த்தாள். கால்கள் காருக்கு அடியிலிருந்து நீண்டு கிடந்தன. அவ்வப்போது ஒரு கால் தரையை உதைத்தது. அவள் போனை எடுத்தாள்.

காருக்கு அடியில் ஆர்வோவின் சட்டைப் பையில் வேலைக்கென்று வைத்திருந்த போன் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். எவ்வளவு எரிச்சல் இருந்தாலும் அந்தப் போனில் அவர் குரல் தேனாக மாறிவிடும்.

"நிஸ்கானன் பிளம்பிங். சொல்லுங்க."

"வணக்கங்க. எங்க வீட்ல ஒரு எடத்துல ஒழுகுது. இந்த ஊர்லயே நீங்கதான் கெட்டிக்காரர்னு சொன்னாங்க."

குரல் போனிலும் வந்தது, ஜன்னல் வழியாகவும் வந்தது.

"டோரீன், விளையாடாத. கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு."

"டோரீன் யாருங்க? நான் கஸ்டமர் பேசறேன். எங்க வீட்டுக்காரர் அஞ்சாறு நாளா அதைப் போட்டு நோண்டிக்கிட்டே இருக்கார். சொன்னாலும் கேக்க மாட்டேங்கறார். நோண்ட நோண்ட அதிகமாகுதே தவிர நிக்கல."

ரேடியேட்டரிலிருந்து ஒரு சொட்டு ஆர்வோவின் நெற்றியில் விழுந்து காதுப் பக்கம் வழிந்தது. ஐம்பத்தெட்டு வயதில், கோபப்படுவதா சிரிப்பதா என்று மல்லாந்து படுத்தபடி யோசித்தார். கோபப்படக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

"எப்ப வரணும், மேடம்?"

"இப்பவே வந்தீங்கன்னா புண்ணியமாப் போகும். காலையில ஊருக்குக் கிளம்பணும்."

அவர் வெளியே ஊர்ந்து வந்து, தோட்டக் குழாயில் முகம் கழுவினார். வேனிலிருந்து சுத்தமான வேலைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி முன்வாசலுக்குப் போய்த் தன் வீட்டு அழைப்பு மணியைத் தானே அடித்தார். டோரீன் கதவைத் திறந்தாள்.

"ஷூவைக் கழட்டணுமாங்க?"

"வேணாங்க, ஷெட்டுலதான் ஒழுகல்."

இருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே கெட்டுப்போயிருக்கும். அவர் ஷெட் வாசலில் நின்று, எந்த வீட்டிலும் கேட்பதுபோலவே கேட்டார்.

"மொதல்ல எப்ப பாத்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை காலையில."

"அதுக்கு முன்னாடி ஒழுகினதுண்டா?"

"இல்லைங்க. சனிக்கிழமை எங்க வீட்டுக்காரர் பம்ப் மாத்தினார். அதுக்கப்புறந்தான்."

"மாத்தும்போது கீழ ஏதாவது சிந்தினாரா?"

"சிந்தினாரான்னா கேக்கறீங்க? நீச்சலே அடிச்சார்."

அடுத்த கேள்வி அவர் வாய்வரை வந்து நின்றுவிட்டது. மேலே சிந்தியது கீழே வராமல் வழியில் எங்கேயாவது தங்குமா என்பது அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வி. எத்தனையோ வீடுகளில் மேல்மாடியில் கொட்டிய வாளித் தண்ணீர் நாலு நாள் கழித்து வரவேற்பறைக் கூரையில் வந்து நின்றதைப் பார்த்தவர் அவர். அதே மனிதர்தான் சனிக்கிழமையிலிருந்து ஆரஞ்சுக் குட்டையின் முன் குழந்தைபோல் முழித்துக்கொண்டிருந்தார்.

ஜாக்கியில் காரைத் தூக்கினார். பத்திரமாகத் தாங்கு வைத்தார். பார்த்த இடமெல்லாம் துணியால் துடைத்துக் காயவிட்டார். பழைய செய்தித்தாளைக் காரின் கீழ் முழுக்க விரித்தார். அப்புறம்தான் கஷ்டமான வேலை. உட்கார வேண்டும். அவருக்குக் கை துறுதுறுத்தது. டோரீன் காப்பியும், ஏலக்காய் போட்ட இனிப்பு ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். வாடிக்கையாளர் வீட்டில் உட்காருவதுபோல் ஒரு ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து அவர் குடித்தார். ஊருக்குப் போகிறீர்களாமே, எங்கே என்று கேட்டார். மகளின் படகைப் பற்றி அவள் சொன்னாள். அவருக்குத் தெரிந்ததெல்லாம்தான் சொன்னாள். ஆனால் கிர்ஸ்டி கடன் வாங்கப் போனபோது வங்கியில் கேலி செய்தார்கள் என்பதும், அவள் அன்று அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள் என்பதும் அவர் அதுவரை கேள்விப்படாதவை. இதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தார். பிளம்பர் அப்படிக் கேட்க முடியாது. ரொட்டியைக் கடித்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தபோது செய்தித்தாள் இரண்டு இடங்களில் நனைந்திருந்தது.

ஓரிடம், என்ஜினுக்கு அடியில் பூட்டியிருக்கும் அகலமான பிளாஸ்டிக் மூடியின் விளிம்புக்குக் கீழே. மூடியைக் கழற்றித் தட்டுப்போல் இரண்டு கையாலும் ஏந்தி இறக்கினார். அதற்குள் ஒரு குளமே இருந்தது. சனிக்கிழமை கொட்டியது, ஞாயிறு கொட்டியது, செவ்வாய் கொட்டியது எல்லாம் அங்கேதான் தங்கி, கார் நின்ற சாய்வுக்கு ஏற்ப விளிம்பு வழியே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் செத்துப்போன ஈ ஒன்று மிதந்தது. மேலே பம்பைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்தார். எலும்புபோல் காய்ந்திருந்தது. ஹோஸ்களும் அப்படியே. சனிக்கிழமை அவர் பூட்டிய பம்ப் ஒரு சொட்டுகூட ஒழுகியதே இல்லை.

இன்னோரிடம் ரேடியேட்டரின் திருகுக்கு நேர் கீழே. டார்ச்சை அடித்தார். திருகின் கழுத்தைச் சுற்றி முடி மாதிரி ஒரு விரிசல்.

"மேடம்," என்றார். ஊர்ந்து வெளியே வந்து மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். "மொத ஒழுகல் ஒழுகலே இல்லைங்க. சிந்தினது சொட்டியிருக்கு. விட்டிருந்தா தானா நின்னிருக்கும்."

"ரெண்டாவது?"

"அது உங்க வீட்டுக்காரர் கைவேலை. இல்லாத ஒழுகலைத் தேடிப்போய் இதை உண்டாக்கியிருக்கார்."

"என்ன பண்ணலாம் அவரை?"

"பம்ப் வேலை நல்லாத்தான் பண்ணியிருக்கார். அவருக்கே அவர்மேல நம்பிக்கை இல்ல."

டோரீன் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "நல்ல மனுஷன்தாங்க," என்றாள். "சும்மா இருன்னாத்தான் உயிரே போயிடும்."

அப்போதுதான் இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஆர்வோ ஸ்டூலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடம் ஈரம்.

திருகுக்குச் சில்வியோவிடம்தான் போக வேண்டியிருந்தது. வேனில் போகும்போது, கடையில் வாங்கியது சரியில்லை, பிளாஸ்டிக் பழசு, காலம் கெட்டுக் கிடக்கிறது என்று சாக்குகளை வரிசையாக நாக்கில் தயார் செய்துகொண்டார். சில்வியோவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி, அட்டை போட்டு மூடியது உட்பட, ஒப்பித்தார். சில்வியோ சிரிக்கவில்லை. இரு, திருகு உள்ளே இருக்கிறது என்று பின்னறைக்குப் போனார். ஒரு சின்னத் திருகு தேட ரொம்ப நேரம் ஆனது. திரும்பி வந்தபோது அவர் கண்கள் சிவந்து, மூக்கு நனைந்திருந்தது.

"சனிக்கிழமை போட்ட பம்ப் ஒழுகவே இல்லையா?"

"ஒரு சொட்டு இல்ல."

"அப்ப நல்லா போட்டிருக்கடா" என்றார் சில்வியோ.

அந்தப் பாராட்டுதான் ஆர்வோவை அதிகமாகச் சுட்டது. சனிக்கிழமை போட்டதைத்தான் அவரே இரண்டு தடவை பிடுங்கிப் போட்டுவிட்டாரே. இப்போது காரில் இருந்தது மூன்றாவதாகப் பூட்டியது. கேக் கிரீமோடு பூட்டியது. கையால் இறுக்கினால் போதும், குறடு வேண்டாம் என்று சில்வியோ திருகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் கர்லிங் அணி முழுவதுக்கும் செய்தி போய்விட்டது. ஒருவர் கூப்பிட்டு, தன் காரில் பெட்ரோல் குறைந்துகொண்டே போகிறது, எங்கேயோ ஒழுகுகிறது போல, வந்து பார்க்க முடியுமா என்று விசாரித்தார். ஆர்வோ நேரம் ஒதுக்கித் தருவதாகச் சொன்னார்.

புதுத் திருகைக் கையாலேயே இறுக்கி, கூலன்ட் ஊற்றி, என்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டார். புதிதாக விரித்த செய்தித்தாள் காய்ந்தே கிடந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, மறுபடி பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை குனியப் போனபோது டோரீன் ஷெட் விளக்கை அணைத்தாள்.

மறுநாள் காரை அவள்தான் ஓட்டினாள். வெயில் அதிகம் என்று ஏசியைப் போட்டுக்கொண்டார்கள். வழியில் பெட்ரோல் போட நிறுத்தியதும் ஆர்வோ இறங்கி அடியில் பார்த்தார். என்ஜின் பக்கம் தரையில் ஈரம். மேலிருந்து சொட்டிக்கொண்டும் இருந்தது. புதுப்பேன்ட்டோடு தரையில் படுத்துவிட்டார். பக்கத்தில் லாரிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்த ஓட்டுநர் வந்து குனிந்தார்.

"என்னங்க, ஏதாவது பிரச்சினையா?"

ஆர்வோ விரலை நீட்டி ஒரு சொட்டைப் பிடித்து முகர்ந்தார். நிறமில்லை, மணமில்லை, பனிக்கட்டிபோல் ஜில்லென்று இருந்தது.

"ஏசி தண்ணிங்க."

"அதுக்கா படுத்துட்டீங்க?" என்று கேட்டுவிட்டு ஓட்டுநர் தன் லாரிக்குப் போனார்.

அதற்கப்புறம் கெனோரா வரும்வரை அவர் காரைவிட்டு இறங்கவே இல்லை. இறங்கக்கூடாது என்பது டோரீனின் உத்தரவு.

சனிக்கிழமை காலை ஏரியில் காற்றே இல்லை. கிர்ஸ்டி வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு, மிரட்டுகிற குரலில் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி மாட்டினாள். ஆர்வோவும் டோரீனும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். படகு துறையை விட்டு நகர்ந்ததும், பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை உள்ளேயிருந்து தண்ணீரைப் புளிச் புளிச்சென்று வெளியே துப்பியது. ஆர்வோ அதைப் பார்த்தார். படகின் அடியில் சேர்கிற தண்ணீரைப் பம்ப் வெளியே தள்ளுகிறது என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு சேர்கிறது, ஏன் சேர்கிறது, எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

கிர்ஸ்டி சுக்கானைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். "என்னப்பா, குளிருதா?"

"இல்லம்மா. நல்லா ஓட்டற" என்றார் ஆர்வோ.